வீட்டு யந்திரங்கள்: பைலுக்கும் உண்டு சலவைக் குறி

நம் வீட்டு பீரோவைத் திறக்கப் போகிறோம். சாவிகூடக் கையில் இருக்கிறது. பீரோ நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை, திறக்க முடியாது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டுகிற அநேகம் பேருக்கு இந்த அநுபவம்தான் ஏற்படுகிறது.

இதற்கு இப்போது ஒரு 'ஸீஸன்' வேறு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய யந்திரத்தை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கும் வீடுகள் அதிகமாகியிருக்கின்றன. யந்திரம் புதிதாயிருந்தால் என்ன? உள்ளே வைக்க வேண்டிய சாமான் பழையதுதானே! பெண் கல்யாணப் படங்கள், பேரனின் ஆண்டு நிறைவுப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், இன்ஷூரன்ஸ் காகிதம், மாதாந்தரக் கணக்கு, எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

மயிலாப்பூர்ச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் சென்ற வருஷம் காலமானார். அவர் உபயோகித்து வந்த கம்ப்யூட்டரும் சில மாதங்களில் உயிரை விட்டுவிட்டது. ரிப்பேர் கடையில் டிஸ்க்கை மட்டும் கழற்றி, கைக்கடக்கமான ஒரு பெட்டியில் பொருத்திக் கொடுத்தார்கள். பிள்ளையின் கம்ப்யூட்டரில் அதை மாட்டியதும் போல்டர்களின் பெயர்கள் தெரிந்தன. சில திறந்தன. ஆனால், கணவரின் பெயரிட்ட போல்டரைத் தொட்டதும் 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றது. கடைக்காரரைக் கேட்டால், "பார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும், அம்மா" என்கிறாராம். செய்யலாமா என்பது அவருடைய கேள்வி.

கூடவே கூடாது, அம்மணி! பார்மட் செய்தால் டிஸ்க் சரியாகிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால், உள்ளே இருப்பது போய்விடும். அரிசியில் கல் இருக்கிறதென்று அரிசியையே குப்பையில் கொட்டுகிற வைத்தியம் அது. உங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவை யாருடையவை என்பதில்தான் புதிய கம்ப்யூட்டருக்குக் குழப்பம்.

சலவைக்காரரின் குறி

வெளுக்கப் போடுகிற துணியின் ஓரத்தில், மை கொண்டு இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று சலவைக்காரர் குறி போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குறியில் உங்கள் பெயர் இருக்காது. வீட்டு விலாசமும் இருக்காது. ஆனாலும் ஊர்த் துணிகள் அத்தனையும் ஒரே துறையில் குவிந்து கிடந்தாலும், உங்கள் வேஷ்டி உங்கள் வீட்டுக்கே வந்து சேரும். எந்தக் குறி எந்த வீட்டுக்கு உரியது என்பது அந்தச் சலவைக்காரரின் மனசில் இருக்கிறது.

நீங்கள் வேறு ஊருக்குக் குடி போனால்? வேஷ்டியில் குறி அப்படியே இருக்கும். புதிய ஊரின் சலவைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுக் குறியோ தெரியவில்லையே!" என்பார்.

பைல் சமாசாரமும் இதேதான். ஒவ்வொரு பைலின் மேலும் "இது இன்னாருடையது, இன்னின்னார் திறக்கலாம்" என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. ஆனால், பெயராக அல்ல; எண்ணாக. விண்டோஸில் அந்த எண் 'எஸ்-1-5-21' என்று தொடங்கி அநுமார் வால் போல நீண்டுகொண்டே போகும். அந்த எண் எந்த மனிதருக்கு உரியது என்ற பதிவேடோ, டிஸ்க்கில் உள்ள பைலில் இல்லை. அதை உண்டாக்கிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு யந்திரத்தில் மாட்டும்போது, குறி கூடவே வருகிறது, பழைய பதிவேட்டைப் புதிய யந்திரம் பார்ப்பதில்லை. புதிய கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'அக்கவுண்ட் அன்னோன்', அதாவது 'ஆசாமி யாரென்று தெரியாது' என்று எழுதிக் காட்டுகிறது.

"இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயர்தானே வைத்திருக்கிறோம்? அங்கேயும் 'அப்பா', இங்கேயும் 'அப்பா'. பாஸ்வேர்டுகூட ஒன்றுதான். அப்படியிருந்தும் ஏன் விடமாட்டேன் என்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. ஒரே தெருவில் இரண்டு ராமசாமிகள் இருந்தால், ஒருவருடைய பாங்குப் புத்தகத்தைக் கொண்டு மற்றவர் பணம் எடுத்துவிட முடியுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மயிலாப்பூர்ச் சகோதரி கவனித்தது போல, சில போல்டர்கள் தடையில்லாமல் திறக்கின்றன; சில மறுக்கின்றன. காரணம், விண்டோஸில் சில பொதுக் குறிகள் உண்டு. 'எல்லோரும்', 'பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தவர்கள்', 'நிர்வாகிகள்' என்ற இவற்றுக்கு உலகத்திலுள்ள எல்லா விண்டோஸ் யந்திரத்திலும் ஒரே எண்தான். 'டி' டிரைவில் நாமாகவே உண்டாக்கிய போல்டர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பொதுக் குறி இருக்கும். ஆகவே எங்கே போனாலும் திறக்கும். 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டெஸ்க்டாப்' ஆகியவை ஒரு தனி ஆசாமியின் சொந்த அறைக்குள் இருப்பவை. அங்கேதான் தகராறு. நாம் முக்கியமானதையெல்லாம் கொண்டு வைப்பதும் அங்கேதான்!

வீட்டு யந்திரத்தில் இந்த வம்பு எதற்கு?

நியாயமான கேள்வி. இந்த ஏற்பாடு நம் வீட்டுக்காக உண்டானதல்ல. ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்துகொண்ட காலத்தில் உண்டானது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 'யூனிக்ஸ்' என்ற அமைப்பைச் செய்தார்கள். 1971-இல் வெளியான அதன் முதல் கைப்புத்தகத்திலேயே, பைலின் சொந்தக்காரரை மாற்றுவதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. பத்துப் பேர் ஒரே யந்திரத்தில் வேலை செய்தால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாதல்லவா?

1993-இல் மைக்ரோஸாப்ட் ஆபீஸ்களுக்காக 'விண்டோஸ் என்டி' என்பதைக் கொண்டுவந்தபோது, இந்தச் சொந்தக்கார முறையும் அதில் வந்தது. பிற்பாடு வீடுகளுக்கு வந்த விண்டோஸ் 95, 98 முதலியவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. 2001-இல் வந்த 'விண்டோஸ் எக்ஸ்பி'யோடு ஆபீஸ் ஏற்பாடு சமையலறை வரையில் வந்து சேர்ந்தது. அன்று முதல் நம் வீட்டுப் பைல்களுக்கும் குறி விழுகிறது.

யார் பெயரில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்தது நாம். கணக்குத் திறந்தது பிள்ளையோ, அவருடைய அப்பாவோ! ஆகவே நாம் எடுத்த படமும், நாம் எழுதிய சமையல் குறிப்பும், நாம் வைத்த சீட்டுக் கணக்கும் அவர்கள் குறியிலேயே இருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் இருக்கும் வரையில் இது நமக்குத் தெரிவதே இல்லை. அவர் இல்லாத அன்று, அல்லது பிள்ளை அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் தெரிகிறது.

குறியை மாற்றுகிற விதம்

முதலில், டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள். 'டக் டக்' என்று சப்தம் போட்டாலோ, மாட்டிய சற்று நேரத்தில் காணாமல் போய்க் காணாமல் போய் வந்தாலோ, ஒன்றையும் மாற்றாதீர்கள். குறி மாற்றுவது என்றால் ஒவ்வொரு பைலின் பதிவையும் தொட்டு எழுதுகிற வேலை. நோயாளி டிஸ்க்குக்கு அது ஆகாது. முடிந்ததை உடனே வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால், பயப்படாமல் மேலே படியுங்கள்.

ஒன்று: புதிய கம்ப்யூட்டரில் நிர்வாகி அதிகாரம் உள்ள கணக்கில் நுழையுங்கள். வீட்டில் ஒரே கணக்கு என்றால் அநேகமாக அதுதான் நிர்வாகி.

இரண்டு: மறுக்கிற போல்டரை இருமுறை தட்டுங்கள். 'உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை. நிரந்தரமாகப் பெறுவதற்குக் கன்டின்யூ என்பதை அழுத்துங்கள்' என்ற பொருளில் ஒரு சின்னப் பலகை வரும். அழுத்துங்கள். போல்டர் பெரிதாக இருந்தால் பச்சைக் கோடு மெதுவாக நகரும். அரைமணிகூட ஆகலாம். ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு வாருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பத்துக்கு எட்டு வீடுகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். கணக்கெடுத்தவர் யாரும் இல்லாததால், பெரும்பாலும் முடிந்துவிடும் என்று சொல்லி வைக்கிறேன்.

மூன்று: அப்படியும் 'மறுக்கப்பட்டது' என்று வந்தால், போல்டரின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி', அதில் 'அட்வான்ஸ்ட்' என்று வரிசையாகப் போங்கள். மேலே 'ஓனர்' என்ற இடத்துக்கு எதிரே 'சேஞ்ச்' என்று இருக்கும். அதை அழுத்தி உங்கள் கணக்கின் பெயரை எழுதுங்கள். சிலருக்கு ஈ-மெயில் விலாசத்தை எழுதவேண்டியிருக்கும். 'செக் நேம்ஸ்' என்பதை அழுத்தினால், கம்ப்யூட்டர் உங்களைத் தெரிந்துகொண்டதா என்று காட்டும். பிறகு, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே சொந்தக்காரராக ஆக்கு என்று கேட்கிற சிறு கட்டத்தில் டிக் போடுங்கள். இதை மறந்தால், வாசற்கதவு மட்டும் உங்களுடையதாகும். உள் அறைகள் பழையபடியே இருக்கும்.

நான்கு: சொந்தக்காரரானவுடன் எல்லாம் திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சொந்தம் வேறு, அனுமதி வேறு. வீட்டுப் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், குடியிருப்பவர் சாவி கொடுத்தால்தானே உள்ளே போகலாம்? ஆனால், பட்டா உங்களுடையதானால் புதுச் சாவி செய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதே 'அட்வான்ஸ்ட்' பக்கத்தை மூடி மறுபடியும் திறந்து, 'ஆட்' என்பதை அழுத்தி, உங்கள் பெயருக்கு 'புல் கன்ட்ரோல்' கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் இதே அனுமதி சேரும்படி, கீழே உள்ள கட்டத்திலும் டிக் போடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை மிகவும் முக்கியம். இந்த வித்தையை உங்கள் படங்கள், காகிதங்கள் உள்ள போல்டரில் மட்டும் செய்யுங்கள். 'எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவோமே' என்று, வேலை செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் 'சி' டிரைவில் கை வைக்காதீர்கள். 'விண்டோஸ்', 'புரோகிராம் பைல்ஸ்' ஆகிய போல்டர்களுக்கு நிர்வாகியையும்விடப் பெரிய காவலாளி ஒருவரை வேண்டுமென்றே நியமித்திருக்கிறார்கள். அவரை விலக்கினால் கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்யத் தொடங்கும்.

சொந்தம் மாற்றாமலே எடுக்க முடியுமா?

முடியும். 'உபுண்டு' போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு கம்ப்யூட்டரைக் கிளப்பினால், விண்டோஸ் போட்ட குறிகளை அது சாதாரணமாகப் பொருட்படுத்துவதில்லை. டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், படங்களை வேறிடத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் காலேஜில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஆனால் லினக்ஸுக்கு லினக்ஸ் டிஸ்க் மாறும்போது, அங்கேயும் குறித் தகராறு உண்டு. அது வேறு மாதிரி. விண்டோஸில் எண்கள் நீளமாக இருப்பதால் இரண்டு வீட்டுக் குறி ஒன்றாவதில்லை. லினக்ஸில் எண் சின்னது. உபுண்டுவில் முதல் ஆசாமிக்கு 1000, இரண்டாமவருக்கு 1001 என்று வரும். உங்கள் கம்ப்யூட்டரில் அம்மா 1000, பிள்ளை 1001. புதிய கம்ப்யூட்டரில் பிள்ளை முந்திக்கொண்டு 1000 ஆகிவிட்டால், அம்மாவின் பைல்கள் அத்தனையும் பிள்ளையுடையவை ஆகிவிடும். அம்மாவுக்கே கதவு சாத்தப்படும்! இரண்டு சலவைக்காரர்கள் வெவ்வேறு வீட்டுக்கு ஒரே குறி போட்டால் வேஷ்டி மாறிப் போவதில்லையா, அந்தக் கதைதான். ஆகவே லினக்ஸ் வீடுகளில், புதிய யந்திரத்திலும் பழைய வரிசையிலேயே கணக்குகளைத் திறந்துகொள்வது சுலபமான வழி.

ஆப்பிள் கம்பெனியின் மாக் யந்திரங்களில் முதல் ஆசாமியின் எண் 501. அவர்கள் ஒரு சௌகரியமும் செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே மாட்டுகிற டிஸ்க்கைப் பற்றிய விவரப் பக்கத்தில், 'இந்த டிஸ்க்கில் சொந்தக்காரர் குறியைப் பார்க்காதே' என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் தீர்ந்தது.

மாக் டிஸ்க்கையோ லினக்ஸ் டிஸ்க்கையோ விண்டோஸில் மாட்டுகிறவர்கள் மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த டிஸ்க்கின் பாஷையே விண்டோஸுக்குப் புரியாது. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல், 'இந்த டிஸ்க்கை உபயோகிக்கும் முன் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று சாதுவாகக் கேட்கும். 'கான்ஸல்' என்பதை அழுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, அது எந்த ஜாதி யந்திரத்திலிருந்து வந்ததோ அதே ஜாதி யந்திரத்தில் மாட்டுங்கள். அவசரத்தில் 'ஆகட்டும்' என்று அழுத்திப் படங்களை இழந்தவர்கள் உண்டு. அப்படி யாராவது அழுத்திவிட்டிருந்தால், அதற்குமேல் அந்த டிஸ்க்கில் ஒன்றையும் எழுதாமல் கழற்றி வையுங்கள். மீட்பதற்குக் கொஞ்சமாவது வழி இருக்கும்.

குறி வேறு, இரும்புப் பெட்டி வேறு

இதுவரையில் சொன்னதிலிருந்து ஒரு விஷயம் உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். 'அனுமதி இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்வது ஒரு வீட்டு ஒழுங்கு, பூட்டு அல்ல. நிர்வாகியாக இருப்பவர் குறியை மாற்றலாம். லினக்ஸ் பென் டிரைவ் வைத்திருப்பவர் குறியைப் பார்க்காமலே எடுக்கலாம். மயிலாப்பூர்ச் சகோதரிக்கு இது ஆறுதலான செய்தி.

ஆனால் உண்மையான பூட்டு ஒன்றும் உண்டு. பைலில் உள்ள எழுத்துக்களையே ரகசியக் கணக்குப்படி கலைத்து வைப்பது அது. விண்டோஸில் அதற்கு 'பிட்லாக்கர்' என்று பெயர். 2007-இல் வந்த 'விஸ்டா'விலிருந்து இருக்கிறது. அதன் தம்பியான 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அநேகம் புதிய லாப்டாப்புகளில் தானாகவே போடப்பட்டிருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை யந்திரத்தில் புதிதாக ஏற்றி, மைக்ரோஸாப்ட் கணக்கில் நுழைந்தால், நாம் கேட்காமலே பூட்டு விழுகிறது.

இந்த டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால், 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால், சொந்தக்காரரை மாற்றினாலும் சரி, லினக்ஸைக் கூப்பிட்டாலும் சரி, ஒன்றும் நடக்காது. கடைக்காரரின் கெட்டிக்காரத்தனமும் அங்கே செல்லாது. அந்த எண் பெரும்பாலும் கம்ப்யூட்டரை முதலில் அமைத்தவருடைய மைக்ரோஸாப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அதாவது, கணவரின் பெயரில், கணவரின் ஈ-மெயிலில்!

தனித்தனிப் பைலைப் பூட்டுகிற இன்னொரு முறையும் விண்டோஸில் உண்டு. அந்த மாதிரிப் பைலின் சின்னத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரியும். அதற்கான சாவி பழைய கம்ப்யூட்டரின் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் உயிருடன் இருக்கும்போதே சாவியை வெளியே எடுத்து வைக்க வேண்டும். அல்லது பூட்டைக் கழற்றிவிட வேண்டும். பிற்பாடு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மாக் யந்திரங்களின் இப்போதைய வகைகளில் உள்ளே இருக்கும் சேமிப்பு, யந்திரத்தின் சில்லோடு பிணைந்தே பூட்டப்பட்டிருக்கிறது. கழற்றி வேறிடத்தில் மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளி டிஸ்க்கில் பிரதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

காயலான் கடைக்குப் போகும் முன்

குறி ஒரு பூட்டு அல்ல என்ற செய்திக்கு மறுபக்கமும் உண்டு. உங்களுக்குத் திறக்கிறது என்றால், மற்றவருக்கும் திறக்கும்! "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே, யார் திறக்க முடியும்?" என்று பழைய கம்ப்யூட்டரை அப்படியே காயலான் கடையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டப்படாத டிஸ்க்கானால், அதை வாங்குகிறவர் கழற்றித் தம் யந்திரத்தில் மாட்டி, நான் மேலே எழுதிய அதே நாலு காரியத்தைச் செய்தால் போதும். உங்கள் பெண்ணின் படமும், உங்கள் பான் கார்டு நகலும் அவர் கண் முன்னே வந்துவிடும்.

ஆகவே, ஓடுகிற கம்ப்யூட்டரைக் கொடுப்பதானால், 'ரீஸெட் திஸ் பீஸி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'க்ளீன் டேட்டா' என்பதையும் போட்டு, நன்றாகத் துடைத்த பிறகு கொடுங்கள். ஓடாத கம்ப்யூட்டரானால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையை எடைக்குப் போடுகிறபோதுகூட, முடிச்சில் ஏதாவது இருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்க்கிறவர்கள் அல்லவா நாம்!

இன்றைக்கே செய்யக்கூடியது

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் மேலே சொன்ன கஷ்டம் ஒன்றுமே உங்களுக்கு வேண்டாம்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவரவர் கணக்கில் நுழைந்து, வேண்டியவற்றை ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். அந்த டிஸ்க் 'எக்ஸ்பாட்' என்ற முறையில் தயாரிக்கப்பட்டதாக இருக்கட்டும். 2006-இல் மைக்ரோஸாப்ட் கொண்டுவந்த அந்த முறையில் சொந்தக்காரர் என்ற பத்தியே கிடையாது. அதில் போய் விழுந்ததும் குறி கழுவிப் போய்விடும். விண்டோஸ், மாக், இப்போதைய லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கும். புதிய கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுக்கும்போது, உங்கள் பெயரில் புதுக் குறி தானாகவே விழும். ஒரு குறைபாடும் சொல்லிவிடுகிறேன்: எழுதிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று பிடுங்கினால் எக்ஸ்பாட் டிஸ்க் கெட்டுப் போகக்கூடும். 'ஈஜெக்ட்' சொல்லிவிட்டுக் கழற்றுகிற நல்ல பழக்கம் வேண்டும். பழைய 'பாட்32' முறையில் தயாரித்த டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைல் நுழையாது. கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

ஆபீஸுக்கும் வீட்டுக்குமாகத் தினம் டிஸ்க்கை எடுத்துச் செல்கிறவர்களுக்கும் எக்ஸ்பாட்தான் நல்லது. வீட்டில் ஒரு தடவை சொந்தக்காரரை மாற்றி, ஆபீஸில் மறுபடி மாற்றி, இழுபறி செய்துகொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, பால் கணக்கு நோட்டிலோ, இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு வைக்கிற நோட்டிலோ, கம்ப்யூட்டருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தக் கம்ப்யூட்டர் யார் பெயரில் இருக்கிறது. அதன் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா. பூட்டியிருந்தால் 48 இலக்க எண் என்ன. பிரதி எடுத்த டிஸ்க் எந்த அலமாரியில் இருக்கிறது. இந்த நாலும் அதில் இருக்கட்டும். நோட்டைக் கம்ப்யூட்டர் மேஜையில் வைக்காமல், நகை வைக்கிற இடத்தில் வையுங்கள்.

"எனக்கு இதெல்லாம் புரியாது, பிள்ளை பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஊருக்கு வரும்போது, அந்த நாலு வரியையும் அவன் சொல்லச் சொல்ல நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கால் மணி வேலைதான். இந்தத் தீபாவளிக்கு அவன் வந்ததும், பட்சணத் தட்டை நீட்டுவதற்கு முன்பே நோட்டை நீட்டிவிடுங்கள். தட்டு கைக்குப் போன பிறகு ஒரு காரியமும் நடக்காது!